ஆயில் மாற்றப் போனால் கூடவே நாலு வேலை சொல்கிறார்கள், யாரை நம்புவது?

கடிதம் எழுதிய வாசகி ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறார். நான்கு வருடம் ஓடிய வண்டி, மீட்டரில் 46,000 கிலோமீட்டர், கம்பெனி வாரண்டி இன்னும் ஓராண்டு மீதி. அலுவலகத்துக்குப் போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். அதைத் தாண்டி வண்டி அதிகம் ஓடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு முன், வழியில் கண்ணில் பட்ட ஓர் உடனடி ஆயில் சர்வீஸ் கடையில் வண்டியை விட்டார். பானெட்டைத் திறந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்களாம்: ஆயில் கரியாக இருக்கிறது, எஞ்சின் ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்) போட வேண்டும், ஏர் ஃபில்டர் போய்விட்டது, பிரேக் ஆயில் மாற்ற வேண்டும், பெட்ரோலில் கலக்க ஒரு மருந்து இருக்கிறது. ஃபிளஷுக்கும் ஏர் ஃபில்டருக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் வண்டி நின்ற இடத்தில் மூன்று நான்கு எண்ணெய்ச் சொட்டு. ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஆயில். ஒரே வாரத்தில் அது கறுத்தும் விட்டது. "புது ஆயிலே ஊற்றவில்லையோ, பழையதையே விட்டுவிட்டுப் பணம் வாங்கிவிட்டார்களோ" என்று கேட்கிறார்.

கணவரின் நண்பர் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்கிறாராம். அப்பா, "கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்று, எஞ்சினுக்கு நல்லது" என்கிறாராம். வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா, பெண் தனியாகப் போனால் இப்படித்தான் நடக்குமா, ஒரு சாதாரண ஆயில் மாற்றத்துக்கு நம்பிக்கையான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சந்தேகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு ஆரம்பிப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்தக் கடைக்காரர் உங்களை ஆயிலில் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஏமாற்ற நினைப்பவர் குறைவாக ஊற்றுவார், கூட ஊற்றமாட்டார். பழையதை வடிக்காமல் அதன் மேலேயே புதிதை ஊற்றியிருந்தால் அளவு ஒரு விரல் அகலத்தோடு நின்றிருக்காது. மூன்றரை லிட்டர் பிடிக்கிற எஞ்சினுக்கு நான்கு லிட்டர் கேனைத் திறந்துவிட்டு, மிச்சம் எதற்கு என்று முழுவதையும் கவிழ்த்திருப்பார்கள். இது பல இடங்களில் நடக்கிற கூத்து. ஆக, அங்கே இல்லாமல் போனது கவனம்தான். நேர்மையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

இந்த வித்தியாசத்தை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வாகனப் பொறியாளராக ஒர்க்‌ஷாப்களில் நான் பார்த்தவரை, தேவையில்லாத வேலை சொல்கிறவரால் நம் பர்ஸுக்குத்தான் நஷ்டம். ஆயில் வடிக்கிற அடித் திருகான ட்ரெயின் பிளக்கைச் சரியாக முறுக்காதவரால் எஞ்சினே போகும். நம்பிக்கையான இடம் தேடுகிற எல்லாரும் முதலாமவரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சிரித்துப் பேசுகிற, விலை குறைத்துக் கேட்கிற, மிகவும் நல்ல மனிதர் ஒருவர் உங்கள் பிளக்கை அரைகுறையாக முறுக்கிவிட்டு வழியனுப்பி வைக்கலாம்.

முதலில் இந்த வண்டியைக் கவனியுங்கள்

காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது தெரிகிற அளவை நம்ப வேண்டாம். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். அதனால் ஒரு விரல் அகலம் கூடுதல் என்றால் அரை லிட்டருக்கு மேலேயே அதிகமாக இருக்கக்கூடும். கூட இருந்தால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஞ்சினுக்குள் சுழல்கிற முக்கியத் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டு அடித்தால் அது மோர் கடைந்ததுபோல நுரைத்துவிடும். பம்ப் அந்தக் காற்றுக் குமிழிகளையும் சேர்த்து உறிஞ்சும். ஆயில் பிரஷர் குறையும். சீல்கள் வழியே கசியும். கொஞ்சம் ஆயில் காற்றோடு கலந்து எரிந்து, புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். நெடுஞ்சாலைப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், இந்த வாரமே அதிகப்படியை எடுத்துவிடச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சும் கருவி இருக்கிற இடத்தில் இது பத்து நிமிட வேலை.

சொட்டு விஷயத்தில் உடனே பயப்பட வேண்டாம். ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தியது கீழ்த் தட்டில் தங்கி இரண்டொரு நாள் சொட்டுவது உண்டு. ஆனால் இரண்டு வாரம் ஆகிவிட்டது. இன்றிரவு எஞ்சினுக்குக் கீழே ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் புதுக் கறை இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ட்ரெயின் பிளக், அதன் வாஷர், ஃபில்டரின் ரப்பர் வளையம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி மாதிரி சிவப்பு விளக்கு எரிந்தால், "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். பத்திரமாக ஓரம் கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அந்த விளக்கு ஆயில் பிரஷர் போதவில்லை என்று சொல்கிறது. ஆயில் மாற்றும் நாள் நெருங்குவதைச் சொல்கிற நினைவூட்டல் வேறு, இது வேறு.

ரப்பர் வளையம் என்றதும் என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டியின் ஃபில்டரைக் கழற்றினேன். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் தரையெல்லாம் ஆயில். நல்லவேளை, ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே நடந்தது. எங்கள் மேஸ்திரி திட்டவில்லை. கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் புதியதைக் கையில் எடுக்காதே என்று மட்டும் சொன்னார். எனக்குக் கெட்ட எண்ணம் துளியும் இருந்ததில்லை. ஆனால் அன்று மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்க்காமல் இருந்திருந்தால், ஒருவருடைய வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும்.

கறுத்த ஆயில், கெட்டி ஆயில், 5,000 கிலோமீட்டர்

ஆயில் கறுப்பது அது வேலை செய்வதற்கான அடையாளம். எரிதலில் உண்டாகிற கரித்துகளை ஒட்டவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. டீசல் எஞ்சினில் புது ஆயில் சிறிது தூரம் ஓடியதுமே கறுத்துவிடும். இப்போது வருகிற நேரடி இஞ்செக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின்களிலும் சீக்கிரம் நிறம் மாறும். தவிர, எவ்வளவு வடித்தாலும் மூலை முடுக்குகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும். உங்களுக்கு ஃபிளஷ் வேறு போட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு வாரத்தில் கறுத்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிறத்தில் பார்க்க வேண்டியது பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருக்கிறதா என்பது. அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டோ தண்ணீரோ கலந்ததைக் காட்டும். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் 4 கிலோமீட்டர் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலன்ட் சூடாவதைவிட ஆயில் சூடாக அதிக நேரம் பிடிக்கும். நீங்கள் அலுவலகம் போய்ச் சேரும்போது உங்கள் ஆயில் அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும். எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் கலந்தபடியே இருக்கும், ஆவியாகி வெளியேற வாய்ப்பே கிடைக்காது. கார் மேனுவல்களில் 'கடினமான பயன்பாடு' என்றொரு தனி அட்டவணை இருக்கும். தூசி, பாரம் இழுத்தல், நின்றபடியே எஞ்சின் ஓடுதல் இவற்றோடு அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவதும் அதில் வரும். மெதுவாக, பக்கத்திலேயே ஓட்டுவது வண்டிக்கு சுகம் என்பது நம் நினைப்பு. எஞ்சினுக்கு அது கஷ்டம். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல ஓட்டுங்கள்.

கணவரின் நண்பர் சொல்கிற 5,000, பழைய எஞ்சின்களும் பழைய ஆயில்களும் இருந்த காலத்துக் கணக்கு. இன்றைய சிந்தெடிக் ஆயிலுக்குப் பல கம்பெனிகள் சாதாரணப் பயன்பாட்டில் 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்கின்றன. ஆனால் நாளைக்கு 8 கிலோமீட்டர் வீதம் ஓடும் உங்கள் வண்டி வருடத்துக்கு 2,500 தாண்டுவதே சந்தேகம். 5,000-க்குக் காத்திருந்தால் இரண்டு வருடம் ஆகிவிடும்! உங்களுக்கு மீட்டரை விட காலண்டர்தான் உதவும். மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கு எத்தனை மாதம் போட்டிருக்கிறதோ அதன்படி மாற்றுங்கள். டாஷ்போர்டில் ஆயில் ஆயுளைச் சதவீதத்தில் காட்டும் வசதி இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை. ஓட்டம், சூடு, எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தீர்கள் என்பவற்றை வைத்துக் கணக்கு போடுகிறது, அவ்வளவுதான். ஆயில் மாற்றியதும் அதைத் திருப்பி வைக்க மறந்திருந்தால் கணக்கே தப்பு.

அப்பாவின் கெட்டி ஆயில் யோசனையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அவர் ஓட்டிய வண்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். கேனில் போட்டிருக்கும் 5டபிள்யூ-30 மாதிரி எண்ணில், டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கிறது. இன்றைய எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பகுதிகள்கூட ஆயில் பிரஷரில்தான் இயங்குகின்றன. கெட்டியானதை ஊற்றினால் அவை தடுமாறும். எண்ணோடு தரக்குறியும் முக்கியம். பெட்ரோல் வண்டிகளுக்கான ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) தரவரிசையில் எஸ்.என். 2010-லும் எஸ்.பி. 2020-லும் வந்தன. பொதுவாகப் புதிய தரம் பழையதற்குப் பதிலாக நிற்கும், பழையது புதியதற்கு நிற்காது. சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறியபடியே ஓடுகிறது; அதில் தப்பான ஆயிலை ஊற்றினால் பெல்ட்டே உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

அவர்கள் சொன்ன நாலு வேலையில் எது நிஜம்?

சாதாரண ஆயில் மாற்றத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் பெரிய லாபம் கிடையாது. உங்கள் பானெட்டைத் திறப்பதற்கு அது ஒரு சாக்கு. மற்ற வேலைகளில்தான் காசு. இதைப் புரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும்.

பெட்ரோலில் கலக்கும் மருந்து வேண்டாம். எஞ்சின் ஃபிளஷ், மேனுவல் கேட்காதவரை வேண்டாம். உள்ளே கசடு நிறைய இருக்கிற எஞ்சினில் அது கட்டிகளைப் பெயர்த்து உறிஞ்சும் வலையில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடும். ஏர் ஃபில்டரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம், கையாலேயே கழற்றக்கூடிய பொருள் அது. பிரேக் ஆயிலைப் பற்றி அவர்கள் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. உங்களுடையது நான்கு வருட வண்டி. நீங்கள் தலையாட்டியது தேவையில்லாத ஃபிளஷுக்கு, மறுத்தது அநேகமாகத் தேவையான பிரேக் ஆயிலுக்கு! முந்தைய சொந்தக்காரரிடம் சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி, பிரேக் ஆயில் எப்போது மாற்றினார் என்று பாருங்கள்.

அடுத்த முறை யார் என்ன சொன்னாலும், "இன்றைக்கு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டும். மற்றதை எழுதிக் கொடுங்கள், மேனுவலைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர் அந்த வேலையை அவரே நம்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெண் என்பதால் இப்படியா என்று கேட்டிருந்தீர்கள். நடக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆண்களையும் தினம் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

வாரண்டி போகுமா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்தால்தான் வாரண்டி என்பது பல நாடுகளில் சட்டப்படி செல்லாது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணமில்லாமல் செய்து கொடுத்தாலொழிய, கம்பெனி தன் சர்வீஸையோ பாகங்களையோதான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டியை அதோடு கட்டக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் போட்டிச் சட்ட விதிகள் இதே திசையில்தான் இருக்கின்றன. உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். குறிப்பாக, கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி என்றால் அது தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனை வேறாக இருக்கலாம். எங்கே செய்தாலும் உங்களைக் காப்பாற்றுவது பில்தான். தேதி, மீட்டர் எண், ஆயிலின் பெயர், கிரேடு, தரக்குறி, எத்தனை லிட்டர், ஃபில்டரின் எண் இத்தனையும் அதில் இருக்க வேண்டும். "ஆயில் சர்வீஸ்" என்று ஒரே வரியில் எழுதிய பில், நாளை எஞ்சின் மக்கர் செய்தால் எதற்கும் உதவாது.

எங்கே போவது?

வாரண்டி முடிய ஓராண்டே இருப்பதால், அதுவரை கம்பெனி சென்டருக்கே போங்கள் என்பது என் யோசனை. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், தகராறு வந்தால் வாதாடி அலைவது நீங்கள்தான். அங்கே பதிவுகள் கணினியில் ஏறும், வண்டியில் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதும் இருந்தால் தெரியவரும். அங்கேயும் வரவேற்பில் இருப்பவர் 'பேக்கேஜ்' விற்பார். மேலே சொன்ன அதே பதில்தான். இந்த ஓராண்டுக்குள் தனி மெக்கானிக் ஒருவரைப் பஞ்சர், பேட்டரி மாதிரி சின்ன வேலைகளில் பழக்கம் பிடித்து வையுங்கள். அங்கே வேலை செய்கிறவரிடமே நேரில் பேசலாம், அதற்கு ஈடு இல்லை. உடனடி ஆயில் கடைகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடமானாலும் ஆயில் மாற்றும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன் கைக்குத்தான் போகும்; அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் கற்றேன். "முடிந்ததும் வேறொருவர் சரிபார்ப்பாரா?" என்று கேளுங்கள்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு போன் போடுங்கள். என் வண்டிக்கு எந்த ஆயில், எத்தனை லிட்டர் பிடிக்கும், ட்ரெயின் பிளக் வாஷரைப் புதிதாகப் போடுவீர்களா, பழைய ஃபில்டரைக் காட்டுவீர்களா? பதில்களை நீங்கள் ஏற்கெனவே மேனுவலில் பார்த்து வைத்திருக்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்தாம்மா" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். "ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்கிறேன்" என்கிறவரை, எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறவரைவிட நான் அதிகம் நம்புவேன்.

போகும் நாளில் கைப்பேசியில் டிப்ஸ்டிக்கையும் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீல் வைத்த கேனை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். பீப்பாயிலிருந்து ஊற்றுவதாக இருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். காலிக் கேனை விட்டுவிட்டு வந்தால் அதில் கண்டதையும் நிரப்பி விற்பவர்கள் உண்டு, அதனால் ஓட்டை போடச் சொல்லுங்கள். வடித்த ஆயிலை எங்கே சேர்க்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். சாக்கடையில் கொட்டுகிறவர் உங்கள் வண்டியையும் அதே அக்கறையோடுதான் பார்ப்பார். வேலை முடிந்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, நீங்களே டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அது மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டினாற்போல இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.

அந்தக் கடையை என்ன செய்வது?

இப்போதைய ஆயில் அளவையும் சொட்டையும் படம் எடுத்துக்கொண்டு ஒரு தடவை திரும்பப் போங்கள். ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஆரம்பிக்காமல், அளவு கூடுதலாக இருக்கிறது, சொட்டுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பணம் கேட்காமல் செய்து கொடுத்தால் விட்டுவிடலாம். மறுத்தால், வேறு ஒர்க்‌ஷாப்பில் காட்டி அவர்கள் கண்டதை எழுதி வாங்கி, அந்தச் செலவைத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் ஊர் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகும்போது கையில் காகிதம் இருக்கும்.

விவரமான பில் வாங்காமல் வந்திருந்தால் அதையும் அன்றே கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள கிரேடையும் தரக்குறியையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கூடுதல் அரை லிட்டரை மட்டும் எடுப்பதில் பயன் இல்லை. முழுவதையும் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்ற வேண்டும். இரண்டு வாரமே ஓடிய ஃபில்டர் உங்கள் வண்டிக்குரியதுதானா என்று அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியென்றால் அதை மாற்ற வேண்டியதில்லை, வாஷர் மட்டும் புதிது போடச் சொல்லுங்கள்.